விளையாட்டுக் கூடத்தின் வாயில்



ஒரு கட்டடத்தின் வரலாற்றைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும், நம் மாணவர் விடுதியைப் பற்றித்தான் பேசுவேன் என்று நண்பர்கள் எண்ணினார்கள். நான் எடுத்துக்கொண்டது அமெரிக்க நாட்டின் தென்பகுதியில், அலபாமா மாநிலத்து டஸ்கலூசா நகரில் உள்ள ஒரு பல்கலைக்கழக விளையாட்டுக் கூடம். 1946-இல் அண்ணல் அம்பேத்கர் கறுப்பின அறிஞர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதி, அம்மக்களின் நிலையும் நம் மக்களின் நிலையும் ஒத்திருப்பதைச் சுட்டிக்காட்டினார். ஆதலால் இந்த வரலாறு நமக்கு அயலானதன்று.

அக்கூடத்தின் பெயர் ஃபாஸ்டர் அரங்கம். 1939-இல் கட்டப்பெற்றது. கூடைப்பந்தாட்டம், பட்டமளிப்பு விழா, இசை நிகழ்ச்சி யாவும் அங்கேதான். மாணவர்கள் வரிசையில் நின்று பெயரைப் பதிவு செய்துகொண்டதும் அங்கேயே. அத்தனை பேரையும் ஒருசேர நிறுத்த அகன்ற தளம் வேண்டுமல்லவா?

ஆனால் கறுப்பின மக்களுக்கு அப்பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் இடமில்லை. ஆத்தரீன் லூசி என்னும் பெண்மணிக்கு 1952-இல் அனுமதி அளித்தார்கள். அவர் கறுப்பினத்தவர் என்று அறிந்ததும் மறுத்தார்கள். வழக்காடி வென்று, 1956 பிப்ரவரியில் வகுப்பில் அமர்ந்தார். மூன்றாம் நாள் வெறிக்கூட்டம் கல்லும் முட்டையும் எறிந்தது. நிருவாகம் என்ன செய்தது தெரியுமா? அவருடைய பாதுகாப்பைக் காரணம் காட்டி அவரையே நிறுத்திவைத்தது. சில வாரங்களில் நீக்கியும் விட்டது!

1963 சூன் 11 அன்று விவியன் மலோன், ஜேம்ஸ் ஹூட் என்னும் இருவர் பெயர் பதிவுக்காக வந்தனர். ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் கூடத்தின் வாயிலை மறித்து நின்றார். படக்கருவிகளுக்கு ஏற்ப அவர் நிற்க வேண்டிய இடம் தரையில் முன்கூட்டியே குறிக்கப்பட்டிருந்தது. அத்தனையும் நாடகம் என்றாலும், வண்டியில் காத்திருந்த இருவரின் அச்சம் நாடகமன்று. மைய அரசின் சார்பில் வந்த கட்சன்பாக் சட்டத்தை எடுத்துரைத்தும் வாலஸ் விலகவில்லை. மாணவர்களை விடுதிகளுக்கு அழைத்துச் சென்றார்கள். குடியரசுத் தலைவர் கென்னடி அலபாமாவின் காவற்படையைத் தம் ஆணையின் கீழ்க் கொணர்ந்தார். பிற்பகலில் அப்படையின் தளபதி கிரகாம் வந்து கேட்டுக்கொள்ள, ஆளுநர் விலகினார். இருவரும் உள்ளே சென்று பதிவு செய்துகொண்டனர்.

அன்றிரவு கென்னடி நாட்டு மக்களிடம் குடிசார் உரிமைச் சட்டம் பற்றிப் பேசினார். 1964-இல் சட்டம் நிறைவேறியது. ஆனால் அவர் பேசிய சில மணி நேரத்திலேயே, மிசிசிப்பியில் கறுப்பினத் தலைவர் மெட்கர் எவர்ஸ் சுட்டுக் கொல்லப்பட்டார்.

நூல்கள் பலவும் இவ்வரலாற்றை வாயிற்படியோடு முடித்துவிடுகின்றன. இளைஞர்களே, அதன்பின் நிகழ்ந்தவற்றை நீங்கள் அறிய வேண்டும். ஹூட் இரண்டே மாதத்தில், மனச்சுமை தாளாமல் வெளியேறினார். அவரைக் குறை கூற எனக்கு நா எழவில்லை. நான் கல்லூரியில் சேர்ந்தபோது என் ஊரிலிருந்து என்னுடன் வந்த நண்பனும் இரண்டாம் மாதமே பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பினான். உணவுக்கூடத்தில் அவனருகே எவரும் அமரவில்லை, அவ்வளவுதான். அவனுக்கு இடம் வாங்கித்தர ஊரே திரண்டது. அங்கே தனித்திருந்தபோது அவனைப் போய்ப் பார்த்தவர் ஒருவருமில்லை. நானும் போகவில்லை.

விவியன் மலோன் தங்கியிருந்தார். விடுதிக்கருகே குண்டுகள் வெடித்த பின்னரும் தங்கியிருந்தார். 1965-இல் அப்பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் ஆனார். ஹூட் பல்லாண்டுகளுக்குப்பின் திரும்பிவந்து 1997-இல் முனைவர் பட்டம் பெற்றார். லூசியின் நீக்கத்தை 1988-இல்தான் விலக்கினார்கள். அவர் மீண்டும் சேர்ந்து 1992-இல் முதுகலைப் பட்டம் பெற்றார். அதே விழாவில் அவர் மகளும் பட்டம் பெற்றார்.

1968-இல் புதிய அரங்கம் எழுந்தபின் பழைய கூடம் மெல்ல மெல்லப் பழுதுற்றது. 2005-இல் அது தேசிய வரலாற்றுச் சின்னமாயிற்று. 2010-இல் அதன் முன்றிலுக்கு மலோன், ஹூட் ஆகியோர் பெயரையும், அங்கே எழுப்பிய மணிக்கூண்டுக்கு லூசியின் பெயரையும் சூட்டினார்கள். செப்பனிட்ட கூடத்திற்கு 2011-இல் மகளிர் கைப்பந்தாட்டம் திரும்பியது.