வானிலிருந்து வந்த விளையாட்டரங்கம்



விளையாட்டைப் பற்றிப் பேச எழுந்தால் திடலைப் பற்றியும் ஆட்டக்காரர்களைப் பற்றியும் பேசுவதே வழக்கம். இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பதோ, அவ்விளையாட்டை நம் வீட்டுக் கூடத்திற்குக் கொண்டுவந்து காட்டிய ஒரு தொலைக்காட்சி நிலையத்தின் வரலாறு. முதலில் பிரைம் ஸ்போர்ட்ஸ் என்றும், பின்னர் ஸ்டார் ஸ்போர்ட்ஸ், இ.எஸ்.பி.என். என்றும், கடைசியில் ஃபாக்ஸ் ஸ்போர்ட்ஸ் என்றும் பெயர் தாங்கி, ஆசிய நாடுகள் பலவற்றுக்கும் ஒருங்கே விளையாட்டுகளை ஒளிபரப்பி வந்த நிலையம் அது. 1991ஆம் ஆண்டில் தொடங்கிய அதன் பயணம், நமது தென்கிழக்காசிய வட்டாரத்தில் 2021ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாளன்று முடிவுற்றது. முப்பது ஆண்டுகள் நம் இல்லங்களில் விருந்தாளியாக இருந்த ஒன்று எப்படி வந்தது, எதைக் காட்டியது, ஏன் போயிற்று என்பதை நாம் அறிந்துகொள்வது நலம். ஏனெனில், மாதந்தோறும் சந்தா செலுத்தியது நமது ஊதியம். கண் விழித்துப் பார்த்தவர்கள் நமது பிள்ளைகள்.

பொது மண்டபத்துப் பெட்டி

மலேசியாவில் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியது 1963ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள். 1969இல் இரண்டாவது அலைவரிசை வந்தது. 1978இல் வண்ணப்படம் வந்தது. 1984இல் தனியார் நிலையமான டிவி3 தோன்றியது. அந்நாளில் லயத்து வீடுகள் எல்லாவற்றிலும் தொலைக்காட்சிப் பெட்டி இருந்ததில்லை. பல தோட்டங்களில் பொது மண்டபத்துப் பெட்டியே ஊருக்கெல்லாம் பெட்டி. செய்திகள், கல்வி, நாடகம், பாடல் என்று பலவற்றுக்கும் நேரம் ஒதுக்கிய பிறகு எஞ்சியதே விளையாட்டுக்குக் கிடைத்தது.

ஆயினும் அந்தச் சில மணி நேரம் நாட்டுக்குப் பொதுவாக இருந்தது. 1975இல் கோலாலம்பூரில் நடந்த உலகக் கிண்ண ஹாக்கிப் போட்டியின் அரையிறுதியில் நமது அணி கூடுதல் நேரத்தில் 3-2 என்ற கணக்கில் இந்தியாவிடம் தோற்றதையும், 1992ஆம் ஆண்டு மே மாதம் அதே நகரில் இந்தோனேசியாவை 3-2 என வென்று தோமஸ் கிண்ணத்தைக் கைப்பற்றியதையும் நம் நாட்டு மூத்தோர் இன்னும் மறக்கவில்லை. அவை எல்லா இனத்தாரும் ஒன்றுபோல் வருந்திய, ஒன்றுபோல் மகிழ்ந்த தருணங்கள். இதை மனத்திற் கொண்டு மேலே செல்வோம்.

பழுதுபட்ட துணைக்கோளத்தின் மறுவாழ்வு

வட்டார விளையாட்டு ஒளிபரப்புக்கு வழி திறந்தது ஒரு துணைக்கோளம். அதன் கதை சுவையானது. 1984ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெஸ்டார் 6 என்ற அமெரிக்கத் துணைக்கோளம் சேலஞ்சர் விண்ணோடத்திலிருந்து ஏவப்பட்டது. அதன் உந்துகருவி சரிவர இயங்காததால், சேர வேண்டிய உயரத்தைச் சேராமல் தாழ்ந்த பாதையிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. அதே பயணத்தில் ஏவப்பட்ட இந்தோனேசியாவின் பலாப்பா பி2 துணைக்கோளத்திற்கும் அதே கதி நேர்ந்தது. அவ்வாண்டு நவம்பரில் டிஸ்கவரி விண்ணோடத்தில் சென்ற வீரர்கள் இரண்டையும் பிடித்துப் பூமிக்குக் கொண்டுவந்தார்கள்.

வெஸ்டார் 6 செப்பனிடப்பட்டு, ஆசியாசாட் 1 என்ற புதுப் பெயருடன், 1990ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் சீனாவின் சீச்சாங் ஏவுதளத்திலிருந்து மீண்டும் விண்ணேறியது. ஆசியக் கண்டத்தின் பெரும்பகுதி அதன் அலைகளின் எல்லைக்குள் வந்தது. ஹாங்காங் தொழிலதிபர் லீ கா ஷிங்கின் ஹட்சிசன் வாம்போவா நிறுவனம் இத்துணைக்கோளத்தைப் பயன்படுத்தி 1991இல் ஸ்டார் டிவி ஒளிபரப்பைத் தொடங்கியது. பி.பி.சி. செய்தி, இசை, சீன மொழி நிகழ்ச்சிகள், பொது நிகழ்ச்சிகள் ஆகியவற்றுடன் விளையாட்டுக்கென்றே ஓர் அலைவரிசையும் அதில் இருந்தது. அதுவே பிரைம் ஸ்போர்ட்ஸ்.

1993இல் ரூப்பர்ட் மர்டாக்கின் நியூஸ் கார்ப்பரேஷன், ஸ்டார் டிவியின் 63.6 விழுக்காட்டுப் பங்குகளை 52 கோடியே 50 இலட்சம் அமெரிக்க வெள்ளிக்கு வாங்கியது. பிரைம் ஸ்போர்ட்ஸ் பின்னர் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் ஆயிற்று. அமெரிக்காவின் இ.எஸ்.பி.என். நிறுவனமும் ஆசியாவில் இதே தொழிலில் இறங்கியிருந்தது. ஒரே பந்தயத்தின் ஒளிபரப்பு உரிமைக்கு இருவரும் போட்டியிட்டால் விலைதான் ஏறும். 1996இல் இரு தரப்பும் சரிபாதிக் கூட்டாளிகளாக இணைந்து, சிங்கப்பூரைத் தலைமையிடமாகக் கொண்டு இ.எஸ்.பி.என். ஸ்டார் ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தை அமைத்தன.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அந்நாளில் டிஷ் எனப்படும் கிண்ண வடிவ அலைவாங்கியைப் பொதுமக்கள் விரும்பியபடி வீட்டில் பொருத்திக்கொள்ள இடமில்லை. சிங்கப்பூரில் 1995 முதல் கம்பிவடத் தொலைக்காட்சி பரவியது. மலேசியாவில் 1996 ஜனவரியில் மீசாட் 1 துணைக்கோளம் ஏவப்பட்டு, அவ்வாண்டே ஆஸ்ட்ரோ சேவை தொடங்கியது. இவ்வாறுதான் வட்டார நிலையம் சந்தாவின் வழியாக நம் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தது.

நிகழ்ச்சிகள் அமைந்த விதம்

நாள் முழுதும் விளையாட்டையே காட்டுவது எளிதன்று. நேரடியாகக் காட்டத்தக்க பெரும் போட்டிகள் நாளில் சில மணி நேரமே நடைபெறும். மற்ற நேரத்தை மறுஒளிபரப்பு, தொகுப்பு, விளையாட்டுச் செய்தி, ஆட்டத்திற்கு முன்னும் பின்னும் வல்லுநர்களின் உரையாடல் ஆகியவற்றால் நிரப்பினார்கள். சிங்கப்பூர் நிலையத்தின் அரங்கில் அமர்ந்து ஜான் டைக்ஸ் போன்றோர் இங்கிலாந்துக் காற்பந்தாட்டத்தை அலசியதைப் பலர் நினைவில் வைத்திருப்பார்கள். இந்திய நேயர்களுக்கோ கிரிக்கெட்டே உயிர். அவர்களுக்காக ஹர்ஷா போக்லே, சுனில் கவாஸ்கர், ரவி சாஸ்திரி முதலியோர் பேசினார்கள்.

நிலையம் ஒன்றாயினும் எல்லா நாட்டாருக்கும் ஒரே நிகழ்ச்சி சென்றதில்லை. இந்தியாவுக்குக் கிரிக்கெட் மிகுந்த ஒளிபரப்பு. நம் வட்டாரத்திற்குக் காற்பந்து மிகுந்த ஒளிபரப்பு. தைவானுக்கும் ஹாங்காங்கிற்கும் சீன மொழி வருணனை. இவ்வாறு வட்டாரத்திற்கு வட்டாரம் பிரித்து அனுப்பினார்கள். டென்னிஸ், பூப்பந்து, கார்ப் பந்தயம், கோல்ஃப் ஆகியவையும் இடம்பெற்றன.

இங்கே நேர வேறுபாட்டையும் கருத வேண்டும். இங்கிலாந்தில் சனிக்கிழமை பிற்பகல் 3 மணிக்குத் தொடங்கும் ஆட்டம், அவர்களுடைய குளிர்காலத்தில் நமக்கு இரவு 11 மணி. கோடையில் 10 மணி. அங்கே குளிர்கால இரவு 7.45க்கு நடந்த ஐரோப்பியக் கிண்ண ஆட்டம் நமக்கு விடியற்காலை 3.45. பெரட்டுக்குச் செல்லும் தந்தையும் பள்ளிக்குச் செல்லும் மகனும் அந்நேரத்தில் விழித்திருந்தால் மறுநாள் வேலையும் படிப்பும் என்னவாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

விளையாட்டு யாருடைய உடைமை?

நாம் முக்கியமாகப் புரிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இத்தகைய நிலையம் விளையாட்டைச் சொந்தமாக வைத்திருப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு அதைக் காட்டும் உரிமையைக் குத்தகைக்கு எடுக்கிறது. 2006 டிசம்பரில் அனைத்துலகக் கிரிக்கெட் மன்றத்தின் போட்டிகளை 2007 முதல் 2015 வரை ஒளிபரப்பும் உரிமையை இ.எஸ்.பி.என். ஸ்டார் ஸ்போர்ட்ஸ் 110 கோடி அமெரிக்க வெள்ளிக்குப் பெற்றது. அந்தப் பணம் எங்கிருந்து திரும்ப வரும்? சந்தாவிலிருந்தும் விளம்பரத்திலிருந்தும்தான். ஆகவே, எந்த ஆட்டத்திற்கு விளம்பரதாரர் மிகுதியோ அந்த ஆட்டமே முன்னிற்கும். எந்த மொழியில் வாங்குவோர் மிகுதியோ அந்த மொழியே ஒலிக்கும்.

இதற்கு நம் மொழியே சான்று. 1991இல் பிரைம் ஸ்போர்ட்ஸ் தொடங்கிய பின் 26 ஆண்டுகள் கழித்து, 2017இல்தான் இந்தியாவில் ஸ்டார் ஸ்போர்ட்ஸின் தமிழ் அலைவரிசை தோன்றியது. தமிழ்நாட்டில் அதற்கு ஏற்ற சந்தை உண்டு என்று கணக்குப் பார்த்த பிறகே அது நிகழ்ந்தது. இதில் யாரையும் குறை கூறுவதற்கில்லை. வணிகத்தின் இயல்பு அது. ஆனால் வணிகத்தின் இயல்பை அறியாமல் அதனிடம் நாட்டுப்பணியை எதிர்பார்ப்பது நமது பிழையாகும். நமது மாவட்டக் காற்பந்துப் போட்டியையோ, பள்ளிகளின் ஓட்டப் பந்தயத்தையோ வட்டார நிலையம் காட்ட வரும் என்று நாம் காத்திருக்க முடியாது.

உரிமை ஒருவரிடமிருந்து மற்றொருவரிடம் போகும்போது அலைச்சல் படுவது சந்தாதாரரே. சிங்கப்பூரில் 2009ஆம் ஆண்டு அக்டோபரில், அடுத்த மூன்று பருவங்களுக்கான இங்கிலாந்து பிரிமியர் லீக் ஒளிபரப்பு உரிமை ஸ்டார்ஹப் நிறுவனத்திடமிருந்து சிங்டெல் நிறுவனத்திடம் போயிற்று. காற்பந்தும் வேண்டும், பழைய நிகழ்ச்சிகளும் வேண்டும் என்ற குடும்பங்கள் இரண்டு பெட்டிகள், இரண்டு சந்தாக்கள் என்ற நிலையை எதிர்நோக்கின. 2010 மார்ச்சில் சிங்கப்பூர் அரசு ஒரு விதியை அறிவித்தது. அதற்குப் பின் ஒரு நிறுவனம் தனியுரிமையாகப் பெறும் நிகழ்ச்சிகளை, மற்ற நிறுவனத்தின் பெட்டி வழியாகவும் மக்கள் காண வகை செய்ய வேண்டும் என்பதே அவ்விதி.

பெயர் மாற்றமும் முடிவும்

2012இல் இ.எஸ்.பி.என். தன் பாதிப் பங்கை நியூஸ் கார்ப்பரேஷனுக்கு விற்றுக் கூட்டிலிருந்து விலகியது. 2013 முதல் நம் வட்டாரத்தில் ஃபாக்ஸ் ஸ்போர்ட்ஸ் என்ற பெயர் வழங்கலாயிற்று. 2019 மார்ச்சில் வால்ட் டிஸ்னி நிறுவனம் ஃபாக்ஸ் குழுமத்தின் பெரும்பகுதியை வாங்கியபோது இவ்வலைவரிசைகளும் அதன் கைக்குப் போயின. மக்கள் இணையத்தின் வழியே படம் பார்க்கத் தொடங்கிய காலம் அது. புதிய உடைமையாளரின் கவனமும் அப்பக்கமே திரும்பியது. 2021 அக்டோபர் முதல் நாள் தென்கிழக்காசியாவில் ஃபாக்ஸ் ஸ்போர்ட்ஸ் அலைவரிசைகள் மூடப்பட்டன. இந்தியாவில் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தொடர்ந்து நடக்கிறது. 2024 நவம்பர் முதல் அது ஜியோஸ்டார் குழுமத்தைச் சார்ந்தது.

அந்த அக்டோபர் நாளில் எந்த விளையாட்டும் நின்றுவிடவில்லை. பந்தயங்கள் வேறு நிலையங்களுக்குப் போயின, அவ்வளவே. முப்பதாண்டு நிலையம் ஒன்று கூட மறையக்கூடியது என்பதே நமக்குப் பாடம்.

நாம் செய்யத்தக்கவை

வெளிநாட்டு ஆட்டங்களைப் பார்ப்பது தவறு என்று நாம் கூறவில்லை. உலகின் சிறந்த ஆட்டக்காரர் பந்தை எவ்வாறு அடக்குகிறார், எவ்வாறு கடத்துகிறார் என்பதைக் கண்ணாரக் காணும் வாய்ப்பு நம் முன்னோருக்குக் கிட்டவில்லை. நம் பிள்ளைகளுக்குக் கிட்டியது. பயிற்சியாளர்களும் அதனால் பயன் பெற்றார்கள். ஆனால் அளவறிந்து பார்க்க வேண்டும்.

முதலாவதாக, சந்தாத் தொகையை மாதக் கணக்கில் மட்டும் பார்க்காமல் பன்னிரண்டால் பெருக்கி ஆண்டுக் கணக்கில் பார்ப்போம். அத்தொகை பிள்ளையின் பள்ளிச் செலவோடு போட்டியிடுமானால் எது முந்த வேண்டும் என்பதைக் குடும்பத்தார் கூடி முடிவு செய்வோம். நான்கு வீட்டார் ஒரு வீட்டில் கூடிப் பார்ப்பதிலும், மன்றத்தில் ஒரு பெட்டி வைத்துப் பார்ப்பதிலும் தாழ்வு ஒன்றுமில்லை. பொது மண்டபத்தில் கூடிப் பார்த்த காலத்தில் நமக்கு மகிழ்ச்சி குறைந்திருந்ததா?

இரண்டாவதாக, ஆட்டத்தின் மேல் பந்தயம் கட்டும் பழக்கத்தை அண்டவிடாதிருப்போம். எங்கோ நடக்கும் ஆட்டத்தின் கோல் எண்ணிக்கையில் இங்கே ஒரு குடும்பத்தின் அரிசிப் பணம் போகலாகாது.

மூன்றாவதாக, நமது திடலைக் காப்போம். 1966 பாங்காக் ஆசிய விளையாட்டுகளில் 100 மீட்டர், 200 மீட்டர், 4×100 மீட்டர் ஆகிய மூன்றிலும் தங்கம் வென்ற டாக்டர் மு. ஜெகதீசன் காலத்தில், விளையாட்டுக்கென்று தனி அலைவரிசை நமக்கு ஏது? 1998இல் கோலாலம்பூர் காமன்வெல்த் விளையாட்டுகளின் 50 கிலோமீட்டர் நடைப் போட்டியில் தங்கம் வென்றார் கோ. சரவணன். நடைப் போட்டியைக் காட்டி விளம்பரம் சேர்க்கும் நிலையம் எதுவும் இல்லை. நெடுந்தூரம் நடந்து பழகிய கால்களே அவருக்கு அத்தங்கத்தைத் தந்தன.

புல் மண்டிக் கிடக்கும் திடல் எந்தத் தோட்டத்தில் இருந்தாலும், எந்தக் குடியிருப்பில் இருந்தாலும், இளைஞர் மன்றத்தார் மாதம் ஒரு ஞாயிறு அதற்கு ஒதுக்குவார்களாக. புல் வெட்டவும், கோடு கிழிக்கவும், கோல் கம்பங்களை நிமிர்த்தவும் பெரும் பொருள் வேண்டியதில்லை. தோட்ட நிர்வாகத்தை அணுகிக் கேட்டால் உதவி கிடைக்கக்கூடும். சனி இரவு ஆட்டத்தைப் பார்த்த பிள்ளை ஞாயிறு மாலை பந்தை உதைக்க ஓர் இடம் இருக்குமானால், அந்தத் தொலைக்காட்சியும் பயன்பட்டதாகும். இடம் இல்லையெனில், அவன் வாழ்நாள் முழுதும் பார்வையாளனாகவே இருந்துவிடுவான்.

ஒளிபரப்பு உரிமை கைமாறும். நிலையங்கள் தோன்றி மறையும். திடல் மட்டும் நம் கையில் இருக்கிறது. அதை விட்டுவிடாதிருப்போம் என்று கேட்டுக்கொண்டு இவ்வுரையை நிறைவு செய்கிறோம்.