குப்பைமேடு கூறும் வரலாறு

வயலில் பொறுக்கிய நத்தையைக் குழம்பாக்கி உண்டு வளர்ந்தவர்கள் நாம். பள்ளியில் அதனைப் பிறர் எள்ளுவரே என்று அஞ்சித் தூக்குச்சட்டியை மறைத்து உண்டோம். அக்காலத்தே நாம் அறியாத செய்தியொன்றை இன்று கூற விழைகின்றோம்.

டென்மார்க்கு நாட்டுக் கடற்கரையோரம் சிப்பி ஓடுகள் மேடுமேடாகக் கிடந்தன. 1848இல் அமைந்த அறிஞர் குழு அவற்றை ஆராய்ந்தது. ஓடுகளிடையே கரியும் விலங்கெலும்பும் கற்கருவியும் இருந்தன. ஆகவே, அவை பண்டை மக்கள் உண்டு எறிந்த அடுக்களைக் குப்பை என்பது தெளிவாயிற்று. ஓட்டின் வளர்ச்சிக் கோடுகளைக் கொண்டு, எப்பருவத்தில் அது பிடிக்கப்பட்டது என்பதையும் இன்று கணிக்கின்றனர். கல்வெட்டில் பெயர் பெறாத மக்களுக்கு இக்குப்பையே வரலாற்று ஏடாகும்.

எனினும், கிடைக்கும் ஓடெல்லாம் உணவின் எச்சம் ஆகிவிடாது. கொற்கையில் 1968-69இல் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை அகழ்ந்தபோது சங்குகளும் முத்துச்சிப்பிகளும் கிடைத்தன. அறுத்த சங்கு வளையல் தொழிலைக் காட்டும்; முத்துச்சிப்பி முத்துக்குளித்தலைக் காட்டும். உண்டனர் எனத் துணிய வேண்டுமாயின், அடுப்பும் கரியும் உடனிருந்து சான்று பகர வேண்டும்.

நம் மதுரைக்கு அருகிலுள்ள கீழடியிலும் சங்கு வளையல்கள் கிடைத்துள்ளன. அவை கடற்கரையோடு இருந்த தொடர்பைச் சொல்வன. உணவைச் சொல்வன அல்ல. உணவைச் சொல்பவை எலும்புகளே. புனே டெக்கான் கல்லூரியார் ஆராய்ந்த முடிவுகள் 2019இல் வெளியாயின. மாடும் எருமையும் ஆடும் மிகுந்திருந்தமை உழவும் கால்நடை வளர்ப்பும் செழித்திருந்ததை உணர்த்துகின்றது. வெள்ளாடு, மான், காட்டுப்பன்றி ஆகியவற்றின் எலும்புகள் சிலவற்றில் காணும் வெட்டுக்குறிகளோ அவை உணவாயினமையை உணர்த்துகின்றன.

கரியும் ஓடும் எலும்பும் உண்டவரை உயர்ந்தோர், தாழ்ந்தோர் எனப் பிரிப்பதில்லை. உணவைக் காட்டி மனிதரை இழிவுபடுத்துவது மனிதர் செய்த தீங்கே.

மாணவச் செல்வங்களே! அகழாய்வுக் குழியில் மண் சுமப்போருள் நம்மவரும் உண்டு. அம்மண்ணில் கிடைப்பதை அளந்து, ஆராய்ந்து, அறிக்கை எழுதுவோருள்ளும் நீங்கள் இடம்பெற வேண்டும். நமக்கு உவப்பானதை மட்டும் எழுதாது, சான்று சொல்வதை மட்டுமே எழுதுங்கள். அதற்கான கல்வியைத் தருவதே இச்சங்கத்தின் அடுத்த இருபத்தைந்து ஆண்டுப் பணியாகட்டும்.