ஊதா இலைச் செடி



நம் மையத்து வாசலில் இருக்கும் தொட்டியைப் பாருங்கள். இலை ஊதா. தண்டும் ஊதா. காலையில் மூன்று இதழ் உள்ள சின்ன ரோஸ் நிறப் பூ பூக்கும். இதன் சொந்த ஊர் மெக்சிகோ நாடு. ஆங்கிலத்தில் 'பர்ப்பிள் ஹார்ட்' என்பார்கள். நாம் ஊதா இலைச் செடி என்றே சொல்வோம்.

ஒரு தங்கை என்னிடம் கேட்டார். "நர்சரியில் வாங்கும்போது நல்ல ஊதாவாக இருந்தது. இரண்டு மாதத்தில் பச்சையாகிவிட்டது. சாயம் பூசி ஏமாற்றிவிட்டார்களா?"

ஏமாற்றவில்லை. செடியை வீட்டுக்குள் டி.வி. பக்கத்தில் வைத்திருந்தார். அதுதான் காரணம்.

எல்லாச் செடியையும் போல இதன் இலையிலும் பச்சையம் உண்டு. அதை ஊதாச் சாயம் மூடியிருக்கிறது. கத்தரிக்காய்த் தோலிலும் நாவல் பழத்திலும் இருப்பது இதே வகைச் சாயம்தான். ஓர் இலையைக் கொதிக்கும் நீரில் போட்டுப் பாருங்கள். சாயம் நீரில் இறங்கும். இலையின் பச்சை தெரியும். அந்த நீரைக் குடிக்க வேண்டாம், கொட்டிவிடுங்கள். வெயில் பட்டால் இந்தச் சாயம் கூடும். நிழலில் குறையும். தண்டும் நீண்டு தொங்கும். ஆகவே தினமும் சில மணி நேரமாவது வெயில் படும் இடத்தில் வையுங்கள்.

இந்தச் செடியைக் காசு கொடுத்து வாங்கவே தேவையில்லை. தெரிந்தவர் வீட்டில் ஒரு தண்டு கேளுங்கள். அரைச் சாண் நீளம் போதும். கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, ஒரு கணு மண்ணுக்குள் போகும்படி நடுங்கள். பழைய டப்பா போதும், ஆனால் அடியில் ஓட்டை வேண்டும். செம்மண், மணல், மக்கிய சாணம் மூன்றும் சம அளவு. சுமார் இரண்டு வாரத்தில் வேர் பிடிக்கும். அதுவரை அரை நிழல், பிறகு வெயில். மேல்மண் காய்ந்தால் மட்டும் தண்ணீர் விடுங்கள். பாசத்தால் தினமும் ஊற்றினால் தண்டு அழுகும். நுனியைக் கிள்ளினால் செடி அடர்ந்து வளரும். கிள்ளியதையும் நடலாம்.

இதன் சாறு சிலருக்கு அரிப்பு தரும். கையைக் கழுவுங்கள். குழந்தைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது முக்கியமான விஷயம். தொட்டிக்கு அடியில் தட்டு வைக்கிறோம். அதில் தண்ணீர் தேங்குகிறது. டெங்கு கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. இந்தத் தெளிந்த தண்ணீர்தான் அதற்குப் பிடிக்கும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். அது பகலில் கடிக்கும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டை தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். காய்ந்தாலும் பல மாதம் சாகாது. மறுபடி தண்ணீர் பட்டால் பொரியும். வாரம் ஒருமுறை பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். என்னைக் கேட்டால் தட்டே வேண்டாம். தொட்டியை இரண்டு செங்கல் மேல் வையுங்கள். சிலர் தண்டைப் பாட்டில் தண்ணீரில் போட்டு வளர்க்கிறார்கள். அதிலும் இதே ஆபத்துதான்.

வெட்டிய தண்டுகள் அந்த வாளியில் இருக்கின்றன. ஆளுக்கு மூன்று எடுத்துக்கொள்ளுங்கள். நட்ட தேதியை நோட்டில் எழுதுங்கள். முதல் புது இலை வந்த தேதியையும் எழுதுங்கள். அடுத்த மாதம் நோட்டைக் கொண்டு வாருங்கள், யாருடையது முதலில் துளிர்த்தது என்று பார்ப்போம்.