அன்பும் அருளும்



வள்ளுவர் அன்புடைமை, அருளுடைமை என இரண்டு அதிகாரங்களைத் தனித்தனியே வகுத்தார். தொடர்புடையார்மேல் செல்வது அன்பு. தொடர்பு கருதாது எல்லா உயிர்கள்மேலும் செல்வது அருள். பரிமேலழகர் உரை தரும் விளக்கம் இது. கிறிஸ்தவ வேதத்தைத் தமிழாக்கியோர் 'அகாபே' என்னும் கிரேக்கச் சொல்லுக்கு 'அன்பு' என்பதையே கொண்டனர். பொருளை நோக்கின், அச்சொல் அருளுக்கே அண்மையது என்பது என் கருத்து. தனக்குப் பிறன் யார் என்று வினவிய வேதபண்டிதர் ஒருவருக்கு இயேசு இலக்கணம் கூறவில்லை. குற்றுயிராய்க் கிடந்த வழிப்போக்கனை, யூதர் வெறுத்த சமாரியன் ஒருவன் எடுத்துப் பேணிய கதையைக் கூறினார். காயத்திற்கு எண்ணெய் வார்த்ததும், சத்திரக்காரனிடம் பணம் கொடுத்ததுமே அவன் செய்தவை.

எங்கள் வாசுதேவநல்லூரிலிருந்து மலையடிவாரத்தை ஒட்டித் தெற்கே சென்றால், களக்காட்டுக்கு அப்பால் டோனாவூர் என்னும் சிற்றூர் வரும். டோனா என்ற ஜெர்மானியப் பிரபுவின் பெயரால் அமைந்தது அது. (ஊர்ப்பெயர் ஆராய்வோர் தமிழ்ச் சொல் தேடி இடர்ப்பட வேண்டா!) அங்கே வாழ்ந்தவர் ஏமி கார்மைக்கேல் அம்மையார். 1867இல் அயர்லாந்தில் பிறந்து, 1895இல் இந்தியா வந்தவர், தாயகம் திரும்பவே இல்லை. ஊர் ஊராகச் சென்று சமயம் போதிப்பதே அவர் மேற்கொண்ட பணி. 1901இல், கோயிலுக்கு ஒப்படைக்கப்படவிருந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தப்பி வந்து அவரிடம் அடைக்கலம் புகுந்தாள். பின்னர்க் குழந்தைகள் பலர் வந்தனர்.

பிள்ளைகள் தாயின் காலைக் கட்டிப்போடுவர் என்று நம்மவர் சொல்வதுண்டு. அம்மையார்க்கும் அதுவே நேர்ந்தது. பாலூட்டுவதும், துணி துவைப்பதும், இரவெல்லாம் காய்ச்சற் குழந்தையின் அருகிருப்பதுமாக நாள்கள் கழிந்தன. போதகப் பணியை விட்டுச் செவிலித்தாயாவது முறையா என்ற ஐயம் அவருக்கே எழுந்தது. இயேசு இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு சீடர்களின் கால்களைக் கழுவிய நிகழ்ச்சியில் அவர் விடை கண்டார். வேலையில் உயர்ந்தது, தாழ்ந்தது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை ஊழியனுக்கு இல்லை என்று தெளிந்தார். விடுதியில் வாழும் மாணவர்க்கு இப்பகுதி நன்கு விளங்கும். நோயுற்ற தோழனுக்காகக் கண்ணீர் விடுவது எளிது. அவன் வாந்தியெடுத்த தரையைக் கழுவுவது அத்துணை எளிதன்று.

அம்மையாரின் நூல்களில் இந்து சமூகத்தைப் பற்றிய கடுஞ்சொற்கள் உண்டு. 1903இல் வெளிவந்த நூலொன்று அவற்றுள் குறிப்பிடத்தக்கது. அவற்றையெல்லாம் நான் ஏற்பதற்கில்லை. நம் வழக்கங்களின் குறைகளை நம்மவரே கண்டு நீக்க முயன்றதையும் மறத்தலாகாது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னைச் சட்டமன்றத்தில் தொடங்கிய போராட்டம், 1947இல் தேவதாசி ஒழிப்புச் சட்டமாக முடிந்தது. ஓரிடத்துக் குழந்தைகளை ஒருவர் மடியில் ஏந்தலாம். நாடெங்கும் உள்ள குழந்தைகளுக்குச் சட்டம் வேண்டும்.

1931இல் களக்காட்டில் மருந்தகத்துக்கென ஒழுங்கு செய்த வீட்டைப் பார்க்கச் சென்றபோது, அம்மையார் குழியில் விழுந்து கால் முறிந்தார். அதன்பின் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் படுக்கையறையே அவர் உலகமாயிற்று. பிறருக்குப் பணி செய்தே பழகியவர், அன்றாடம் பிறர் பணியை ஏற்று வாழ வேண்டியவரானார். கொடுப்பதைவிட இது கடினம் என்றே எனக்குத் தோன்றுகிறது. படுத்தபடியே நூல்கள் பல எழுதினார். 1951 ஜனவரி 18ஆம் நாள் மறைந்தார். தமக்குக் கல்லறைக் கல் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். ஆகவே அவரை அம்மா என்றே அழைத்துவந்த பிள்ளைகள், அவ்விடத்தில் பறவைகளுக்கு ஒரு நீர்த்தொட்டி அமைத்தனர்.