புள்ளியும் பண்பும்
(சங்கத்தின் நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



கல்லூரி எங்களுக்குத் தந்த கல்வியையும் பண்பையும் பற்றிப் பேசும்படி சங்கத்தினர் கேட்டார்கள். இரண்டையும் ஒரே பாடவேளையில்தான் பெற்றோம் என்பது என் எண்ணம்.

உயர்தர இரசாயன வகுப்பில் நியமிப்புச் செய்யும்போது எங்கள் ஆசிரியை ஒன்றை விடாமல் சொல்வார்: "அளவியில் கண்டதை எழுதுங்கோ பிள்ளையள், வரவேண்டியதை எழுதாதேங்கோ." இன்று மருத்துவமனை விடுதியில் பயிற்சி மருத்துவர்களுக்கு நானும் அதையே சொல்கிறேன். நள்ளிரவில் அளக்காமல் எழுதிய ஓர் இரத்த அழுத்த வாசிப்பை நம்பி, விடிய வருகிற மருத்துவர் மருந்தின் அளவைத் தீர்மானிப்பார். அந்த இடத்தில் உண்மை பேசுவது ஓர் உயிரின் விடயம்.

எங்களுடையது கிறிஸ்தவப் பாடசாலை. ஆனாலும் சைவப் பிள்ளைகளுக்குச் சைவநெறி வகுப்பு நடந்தது. காலைப் பிரார்த்தனையில் எல்லோரும் அமைதியாக நின்றோம். எவரும் எவரையும் மாற்ற முயலவில்லை. நோயாளிகளின் தலைமாட்டில் திருநீற்றையும் செபமாலையையும் தஸ்பீஹையும் காணும்போது, அந்த மரியாதையை எங்கே பழகினேன் என்பது எனக்குத் தெரியும்.

இத்தகைய பாடசாலைகள் இலகுவாக நிலைக்கவில்லை. 1824 இல் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஹரியற் வின்ஸ்லோ உடுவிலில் பெண்கள் விடுதிப் பாடசாலையைத் தொடங்கியபோது, பெண்பிள்ளையைப் படிக்க அனுப்பப் பெற்றோர் தயங்கினார்கள். படித்து முடித்த பிள்ளைகளுக்கு மிஷன் சீதனம்கூடக் கொடுத்தது. 1960, 1961 ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி பெற்ற பாடசாலைகளில் பெரும்பாலானவை அரசிடம் சென்றன. கட்டணம் அறவிடாத தனியார் பாடசாலைகளாக நிற்கச் சில தீர்மானித்தன. அவற்றைத் தாங்கியவர்களில் பழைய மாணவர்களுக்குப் பெரிய பங்குண்டு.

இனி எங்கள் பொறுப்புக்கு வருகிறேன். "இந்தமுறை எத்தனை பேர் மெடிசின்?" என்பதுதான் பெறுபேறு வந்ததும் நாங்கள் கேட்கும் முதற் கேள்வி. பல்கலைக்கழக அனுமதியில் நூற்றுக்கு 40 இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கு, 55 மாவட்டங்களுக்கு, 5 பின்தங்கிய மாவட்டங்களுக்கு. எப்படிப் பங்கிட்டாலும் மருத்துவபீட இடங்கள் சிலவே. வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே நின்ற பிள்ளையும் இதே மண்டபத்தில்தான் பிரார்த்தனைக்கு நின்றாள். அவள் இன்று தாதியாக, முன்பள்ளி ஆசிரியையாக, தாய் தகப்பனைப் பராமரிக்கும் மகளாக இருப்பாள். பரிசளிப்பு விழாவுக்கு அவளை நாங்கள் அழைப்பதில்லை. நான் அழைக்கப்பட்டிருக்கிறேன்.

ஆகவே இரண்டு வேண்டுகோள்கள். ஒன்று, வரும் ஆண்டுகளில் பரிசளிப்பு விழாப் பிரதம விருந்தினராக அப்படியான ஒரு பழைய மாணவியையும் அழைப்போம். மற்றது, நூற்றாண்டு நிதியில் ஒரு பகுதியைக் கட்டடத்துக்குக் கொடுக்காமல், வசதியற்ற பிள்ளைகளின் விடுதிச் செலவுக்கு ஒதுக்குவோம். பணம் உள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் கிடைக்கும் பண்புக் கல்வியில் நாங்கள் பெருமைப்பட என்ன இருக்கிறது?

கொழும்பு, லண்டன், ரொறன்ரோ, சிட்னி என்று எங்கிருந்து இதை வாசித்தாலும், ஒரு பிள்ளையின் ஒரு தவணைச் செலவை உங்களால் ஏற்க முடியுமா என்று யோசியுங்கள். அடுத்த பொதுக்கூட்டத்தில் இதைப் பிரேரணையாக முன்வைக்க இருக்கிறேன். ஆமோதிக்க ஒருவர் வேண்டும்.