கேள்விக்குப் பின்னால் யார்?

நாடாளுமன்றத்தில் ஓர் உறுப்பினர் எழுந்து கேள்வி கேட்கிறார், அமைச்சர் பதில் சொல்கிறார். செய்தியில் அரை நிமிடம் காட்டிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள். இந்தக் கேள்விக்குப் போய் யாராவது காசு கொடுப்பார்களா?

கொடுப்பார்கள். ஒரு வியாபாரி அமைச்சகத்துக்கு எழுதிப் போடும் மனு ஏதாவது ஒரு கட்டுக்குள் வருஷக்கணக்காகத் தூங்கலாம். உறுப்பினர் கேட்ட கேள்வி அப்படித் தூங்க முடியாது. மக்களவையில் ஒரு நாள் பட்டியலில் 20 கேள்விகளுக்கு அமைச்சர் நேரில் பதில் சொல்ல வேண்டும், 230 கேள்விகளுக்கு எழுத்தில் பதில் தர வேண்டும். பட்டியலுக்கான குலுக்கலில் உங்கள் கேள்வி விழுந்துவிட்டால் அதிகாரிகள் கோப்பைத் தோண்டி எடுத்தே தீர வேண்டும். தெரிந்தே தப்பான தகவல் தந்தால் உரிமை மீறல் பிரச்சினை வரும். போட்டி நிறுவனத்துக்கு என்ன சலுகை கொடுத்தீர்கள் என்று ஒரு வரி கேட்டால் போதும், அந்தத் துறையே அலறி எழும். சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர் கையில் இருப்பவற்றில் செலவில்லாத, ஆனால் பலமான ஆயுதம் இதுதான் என்பேன்.

அதை விற்கலாம் என்று கண்டுபிடிக்க நம் குடியரசுக்கு ரொம்ப நாள் ஆகவில்லை. 1951. முதல் பொதுத் தேர்தலே இன்னும் நடக்கவில்லை, இடைக்கால நாடாளுமன்றம்தான். காங்கிரஸ் உறுப்பினர் ஹெச்.ஜி. முத்கல் மீது ஒரு புகார் வந்தது. பம்பாய்த் தங்கம் வெள்ளி வியாபாரிகள் சங்கத்துக்காகக் கேள்வி கேட்பது, மசோதாவில் திருத்தம் கொடுப்பது, அமைச்சர்களைப் பார்க்க ஏற்பாடு செய்வது, இதற்கெல்லாம் பணம் பேசி வாங்கினார் என்பது குற்றச்சாட்டு. சொந்தக் கட்சிக்காரர்தானே என்று பிரதமர் நேரு மூடி மறைக்கவில்லை. ஜூன் 8 அன்று விசாரணைக் குழு அமைக்கும் தீர்மானத்தை அவரே கொண்டுவந்தார். குழுவின் தலைவர் நம் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. குற்றம் உண்மை என்று குழு சொன்னது. செப்டம்பரில் அவையை விட்டு வெளியேற்றும் தீர்மானம் விவாதத்துக்கு வந்தபோது, முத்கல் தன் தரப்பைப் பேசி முடித்துவிட்டு ராஜினாமாக் கடிதத்தைக் கொடுத்துவிட்டார். அவை அதோடு விடவில்லை. வெளியேற்றப்பட வேண்டியவர்தான் இவர், ராஜினாமாக் கடிதத்தில் இவர் எழுதியிருப்பதும் அவையை அவமதிப்பதுதான் என்று பதிவு செய்தது.

நீதி சொல்லும் இடத்தில் அன்று உட்கார்ந்த டி.டி.கே., ஏழே வருஷத்தில் எதிர்ப்பக்கம் நிற்க நேர்ந்தது. எல்.ஐ.சி. பணம் முந்த்ரா கம்பெனிப் பங்குகளில் போடப்பட்ட விவகாரத்தை மக்களவையில் கிளப்பியவர் ஆளுங்கட்சியைச் சேர்ந்த பெரோஸ் காந்தி. நீதிபதி சாக்ளா பொதுமக்கள் முன்னிலையில் விசாரித்தார். தன் துறைச் செயலாளர் செய்தது தெரியாது என்று சொல்லி அமைச்சர் தப்பிக்க முடியாது என்றார். 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி.கே. பதவி விலகினார். யாரும் காசு கொடுத்து வாங்காத கேள்விக்கு எவ்வளவு வலு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இனி 2005-க்கு வருவோம். டிசம்பரில் ஒரு தொலைக்காட்சியில் ரகசியக் கேமரா காட்சிகள் ஓடின. சிறு உற்பத்தியாளர் சங்கம் என்று சொல்லிக்கொண்டு வந்தவர்களிடம் உறுப்பினர்கள் பணம் வாங்கிக்கொண்டு கேள்வி கொடுக்கிறார்கள். அப்படி ஒரு சங்கமே கிடையாது, வந்தவர்கள் பத்திரிகையாளர்கள். அவர்கள் எழுதிக் கொடுத்த கேள்விகளில் ஒன்று, ஜெர்மனியின் ‘யோசாரியன்’ ரயில் எஞ்சினை ரயில்வே அமைச்சகம் வாங்கப்போகிறதா என்பது. யோசாரியன் என்பது ஜோசப் ஹெல்லர் எழுதிய ‘கேட்ச்-22’ நாவலின் கதாநாயகன் பெயர்! கேள்வியை ஒருமுறை படித்துப் பார்க்கக்கூட ஆளில்லை. 11 பேர் டிசம்பர் 23 அன்று வெளியேற்றப்பட்டார்கள், மக்களவையில் 10 பேர், மாநிலங்களவையில் ஒருவர். அது செல்லும் என்று 2007-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

வாக்கை விற்ற கதை வேறு. 1993-ல் நரசிம்ம ராவ் அரசு மீது வந்த நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் லஞ்சம் கைமாறியதாக வழக்கு. 1998-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு விசித்திரமானது. காசு வாங்கிக்கொண்டு சபையில் வாக்களித்தவர்களுக்கு அரசியல் சட்டப் பாதுகாப்பு உண்டாம், வாங்கியும் வாக்களிக்காமல் இருந்தவருக்குக் கிடையாதாம்! அதை ஏழு நீதிபதிகள் அமர்வு ரத்து செய்ய 2024 மார்ச் 4 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆக, பணம் கைமாறினால் பிடிக்கச் சட்டம் இருக்கிறது. லஞ்சம் கொடுத்தவரையும் குற்றவாளியாக்கும் திருத்தம் 2018-ல் வந்துவிட்டது. ஆனால் காசு தெரியாமல் காரியம் நடத்தத் தெரிந்தவர்கள் இருக்கிறார்களே, அவர்களை என்ன செய்வது? ஒரு கம்பெனிக்காக அமைச்சகங்களின் படியேறிப் பேசுவதையே தொழிலாக வைத்திருப்பவர்களை லாபியிஸ்ட் என்கிறோம். அவர்கள் பேசுவது தப்பில்லை. விவசாயச் சங்கமும் தொழிற்சங்கமும்கூட அதைத்தான் செய்கின்றன. ஆனால் யார், யாருக்காக, எவ்வளவு செலவில் பேசினார்கள் என்று எழுதிவைக்க இந்தியாவில் ஒரு பதிவேடு கிடையாது.

அமெரிக்காவில் 1995-லேயே அதற்குச் சட்டம் போட்டுவிட்டார்கள். அதன் பயன் 2012 டிசம்பரில் நமக்கே கிடைத்தது. சில்லறை வணிகத்தில் அந்நிய முதலீடு பற்றி இங்கே சண்டை நடந்துகொண்டிருந்த நேரம். 2008 முதல் லாபிக்காகச் சுமார் 2.5 கோடி டாலர் செலவழித்ததாகவும், பேசிய பல விஷயங்களில் இந்தியச் சந்தையும் ஒன்று என்றும் வால்மார்ட் அமெரிக்க செனட்டில் தாக்கல் செய்த அறிக்கைகளிலிருந்து தெரியவந்தது. செலவெல்லாம் அமெரிக்காவில், அந்த நாட்டுச் சட்டப்படி செய்ததுதான் என்று நிறுவனம் விளக்கம் சொன்னது. இங்கே நாடாளுமன்றத்தில் அமளி எழுந்தது, ஓய்வுபெற்ற நீதிபதியை வைத்து அரசு விசாரணைக் குழு போட்டது. அவர் பெயரும் முத்கல் என்பது தற்செயல். நம் கடைத்தெருவைப் பற்றிய சேதி வாஷிங்டன் வழியாக நமக்கு வந்து சேர்ந்ததே, அதுதான் என்னை இன்னும் உறுத்துகிறது.

உறுப்பினர்கள் பக்கம்கூட அரைகுறைதான். மாநிலங்களவையில் 293-ஆம் விதிப்படி ஒரு பதிவேடு உண்டு. சம்பளம் வரும் இயக்குநர் பதவி, ஆதிக்கம் செலுத்தும் அளவுக்குப் பங்குகள், கட்டணம் பெறும் ஆலோசனைப் பணி என்று ஐந்து வகை வருமானத் தொடர்புகளை உறுப்பினர் அதில் எழுதித் தர வேண்டும். நாம் நேரடியாக வாக்களித்து அனுப்பும் மக்களவையில் அப்படி ஒரு பதிவேடு இல்லை. சொத்துக் கணக்கு கொடுக்கிறார்கள், சரி. சொத்து எவ்வளவு என்பது அதில் இருக்கும். அவர் யாருக்கு ஆலோசகர் என்பது இருக்காது.

பதிவேடு வரும்வரை நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. இரு அவைகளிலும் கேட்ட கேள்வியும் வந்த பதிலும் இணையத்தில் உறுப்பினர் பெயரோடு கிடக்கின்றன. உங்கள் தொகுதிக்காரர் பெயரைப் போட்டுப் பாருங்கள். ரயில் நிறுத்தம், பாஸ்போர்ட் அலுவலகம், மீனவர் கைது என்று கேள்விகள் வரும். நடுவே, உங்கள் ஊரில் யாரும் கேள்விப்படாத ஏதோ ஒரு ரசாயனத்தின் இறக்குமதி வரி பற்றி மூன்று கூட்டத்தொடர்களாக விடாமல் கேட்டிருந்தால், அடுத்தமுறை அவர் ஊருக்கு வரும்போது விசாரியுங்கள். நியாயமான காரணம் இருந்தால் சொல்லிவிட்டுப் போகிறார்.