அமுதசுரபியும் மருத்துவக் கப்பலும்

(பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

மணிமேகலைக் காப்பியத்தில் ஆபுத்திரன் சாவக நாடு நோக்கிக் கப்பலேறுகிறான். கையில் அள்ளக் குறையாத அமுதசுரபி. காற்று மிகுந்து கலம் மணிபல்லவத்தில் தங்குகிறது. அவன் கரையில் இறங்குகிறான். ஏறிவிட்டான் என்றெண்ணி மாலுமிகள் இரவோடு பாய் விரித்துப் போய்விடுகின்றனர். ஆளரவமற்ற தீவு. பாத்திரம் இருக்கிறது, உண்பார் இல்லை. அதைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு, உண்ணாதிருந்து உயிர் துறக்கிறான். கொடுக்கப் பொருள் இருந்தும் கொள்வாரைக் காணாத துயரத்தைத் தமிழில் இத்துணை அழுத்தமாகச் சொன்ன இடம் வேறு உண்டா என்பது ஐயமே.

இன்றைய உரையின் பொருள் இதற்கு நேர்மாறான ஒரு கப்பல். கொள்வார் கரை நெடுகிலும் நிற்கின்றனர். கலத்தில் உள்ளவையோ எண்ணிக் கூறத்தக்க படுக்கைகள். அக்கலத்தில் ஊதியமின்றிப் பணியாற்றச் செல்லும் மருத்துவரையும் செவிலியரையும் பற்றிச் சிறிது சிந்திக்கலாம்.

போர்க்காலத்துக்கு வெளியே மருத்துவக் கப்பல் என்னும் கருத்து பரவலாக அறியப்பட்டது 1960-இல். அமெரிக்கக் கடற்படையின் ‘கன்சோலேஷன்’ என்னும் பழைய மருத்துவக் கப்பலை டாக்டர் வில்லியம் வால்ஷ் கேட்டுப் பெற்று, ‘ஹோப்’ என்று பெயர் மாற்றி, இந்தோனேசியாவுக்குக் கொண்டு சென்றார். அதே கப்பல் 1968-69-இல் இலங்கைக்கு வந்து கொழும்புத் துறையில் நின்றது. நோயாளிகளுக்கு மருத்துவம் பார்ப்பதோடு, உள்ளூர் மருத்துவர்க்கும் செவிலியர்க்கும் அருகிலிருந்து கற்பிப்பதும் அதன் நோக்கம். 1974-இல் அது ஓய்வு பெற்றது.

அடுத்த கப்பலின் கதை நம் நாட்டுக் கரையில் முடிகிறது. 1953-இல் கட்டப்பட்ட ‘விக்டோரியா’ என்னும் இத்தாலியப் பயணிக் கப்பல், பம்பாயைத் தொட்டுக் கீழ்த்திசை சென்று வந்தது. மேனாட்டுப் படிப்புக்கென்று கடல் கடந்த நம்மவர் பலர் ஏறிய கப்பல் அது. 1978-இல் டான் ஸ்டீபன்ஸும் அவர் மனைவியும் தொடங்கிய ‘மெர்சி ஷிப்ஸ்’ என்னும் கிறித்துவத் தொண்டு நிறுவனம் அதை வாங்கியது. உயிர்த்தெழுதல் எனப் பொருள்படும் ‘அனஸ்தாசிஸ்’ என்னும் கிரேக்கப் பெயரை இட்டது. பல்லாண்டு ஆப்பிரிக்கக் கரைகளில் உழைத்த அந்தக் கப்பல் 2007-இல் குஜராத்தின் அலங்கு கடற்கரையில் உடைக்கப்பட்டது. உயிர்த்தெழுதல் என்று பெயர் பெற்றதன் இரும்பு எந்தெந்தக் கட்டடத்தில் கம்பியாக நிற்கிறதோ!

அதன் இடத்துக்கு வந்தது ‘ஆப்பிரிக்கா மெர்சி’. டென்மார்க்கில் இரயில் வண்டிகளைப் பெட்டிகளோடு ஏற்றிக் கடல் கடத்திய கப்பல் அது. தண்டவாளம் ஓடிய தளத்திலேயே பின்னர் அறுவைக் கூடங்களும் நோயாளர் அறைகளும் அமைந்தன. மருத்துவமனைக்கென்றே புதிதாகக் கட்டப்பட்ட ‘குளோபல் மெர்சி’ 2023-இல் செனகலில் முதல் அறுவைகளைத் தொடங்கியது. ஆறு அறுவைக் கூடங்களும் ஏறத்தாழ இருநூறு படுக்கைகளும் கொண்டது.

கப்பல் எதற்கு, கரையிலேயே மருத்துவமனை கட்டலாகாதா என்று கேட்போர் உண்டு. நியாயமான கேள்விதான். மின்சாரம் இடையில் நின்றால் அறுவைக் கூடத்தில் உயிர் நிற்கும். கப்பல் தன் மின்சாரத்தைத் தானே ஆக்கிக்கொள்கிறது. நுண்கிருமி நீக்கும் கலங்களும் ஆய்வுக்கூடமும் உடன் வருகின்றன. ஆனால் கப்பல் போய்விடும். இக்கேள்வியை இங்கே இவ்வளவில் நிறுத்திவைப்போம்.

தொண்டர் தம் ஊதியத்தை விட்டு வருவதோடு, கப்பலில் உண்பதற்கும் உறங்குவதற்கும் மாதந்தோறும் தாமே பணம் கட்டி வந்தனர். கப்பல் தலைவர் முதல் சமையற்கூடத்தில் பாத்திரம் கழுவுபவர் வரை இதுவே முறையாக இருந்தது. இங்கிலாந்திலோ ஆஸ்திரேலியாவிலோ பணிபுரியும் ஒரு செவிலி, ஆண்டு விடுப்பைச் சேர்த்துவைத்து, உறவினரிடமும் ஆலயத்திலும் உதவி கேட்டு, சில மாதங்களுக்கு வருகிறாள். அறுவை மருத்துவர் சிலர் இரண்டு வாரம் மட்டும் இருப்பர். வேறு சிலர் திரும்புவதேயில்லை. முக, தாடை அறுவையில் வல்லவரான டாக்டர் கேரி பார்க்கர் 1980-களில் சில மாதங்களுக்கென்று வந்து, மணம் புரிந்து, கப்பலிலேயே பிள்ளைகளை வளர்த்து, முப்பதாண்டுக்கு மேல் தங்கிவிட்டார்.

அவர் கைக்கு வந்த நோய்களுள் ஒன்றைச் சொல்ல வேண்டும். பற்சிப்பியை உருவாக்கும் உயிரணுக்களிலிருந்து தாடையில் ஒரு கட்டி எழுகிறது. புற்றன்று; உடல் முழுதும் பரவுவதில்லை. பல் மருத்துவர் அருகில் இருக்கும் ஊரில் பட்டாணி அளவிலேயே அகற்றப்பட்டுவிடும். இல்லாத ஊரில் ஆண்டுக்கணக்கில் வளர்கிறது. தலையளவுக்கு வளர்ந்து, நாக்கைத் தள்ளி, உணவையும் மூச்சையும் அடைக்கிறது. அதற்குமுன்பே அயலாரின் பார்வை அந்த மனிதனை வீட்டுக்குள் அடைத்துவிடுகிறது. வெயில் தாழ்ந்த பிறகு தலையைத் துணியால் மூடிக்கொண்டு வெளிவருவோர் உண்டு. கட்டியை அகற்றி டைட்டானியத் தகட்டைத் தாடையாகப் பொருத்துகின்றனர். சில மாதம் கழித்து இடுப்பெலும்பிலிருந்து எடுத்த எலும்பைச் சேர்க்கின்றனர். மயக்க மருத்துவர்க்கு இது கடினமான வேலை. வாய்வழி அடைபட்டிருப்பதால் நோயாளி விழித்திருக்கும்போதே மூக்கின் வழியாக மூச்சுக்குழாயைச் செலுத்த வேண்டியிருக்கும். இரத்தம் மிகுதியாகப் போனால் உணவுக்கூடத்தில் இருக்கும் எந்திரப் பணியாளரையும் கணக்கரையும் அழைப்பர். அவர்களே கப்பலின் இரத்த வங்கி.

நோமா என்னும் நோய் இதனினும் கொடியது. ஊட்டமில்லாத குழந்தைக்கு அம்மையின் பின்னோ காய்ச்சலின் பின்னோ ஈறில் தோன்றும் புண், சில நாளில் கன்னத்தைத் தின்றுவிடுகிறது. மருத்துவம் கிடையாவிடில் நூற்றுக்குத் தொண்ணூறு குழந்தைகள் வரை இறந்துபோகின்றன. உலக நலவாழ்வு நிறுவனம் இதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது 2023 டிசம்பரில்தான். புறக்கணிக்கப்பட்டவற்றின் பட்டியலில் இடம் பெறுவதற்கும் இத்தனை காலம்!

கவிஞர் அவை இது; ஆகவே மொழியைப் பற்றி ஒரு சொல். நோயாளர் அறையில் செவிலியின் ஆங்கிலம் முதலில் பிரெஞ்சாகிறது. பிரெஞ்சு, பெனின் நாடாயின் ஃபோன் மொழியாகிறது. நோயாளி வடக்குப் பகுதியிலிருந்து வந்தவராயின் அடுத்த படுக்கைக்காரர் அதை மூன்றாம் மொழிக்கு மாற்றுகிறார். ‘வலி எப்படி இருக்கிறது?’ என்னும் ஒரு வினா மூன்று வாயில் கடந்து போய், விடையாகத் திரும்பி வர வேண்டும். இதற்காகவே உள்ளூர் மொழிபெயர்ப்பாளர்கள் ஊதியத்துக்கு அமர்த்தப்படுகின்றனர். அறுவைக்கு முன்னிரவில் பக்கத்தில் அமர்ந்து அச்சத்தைக் கேட்பவரும் பெரும்பாலும் அவரே. நிழற்படங்களில் அவர் முகம் ஓரத்தில்தான் இருக்கும். நோயாளியின் தாயோ தமையனோ கட்டிலுக்கு அடியில் மெத்தை விரித்து உறங்குகின்றனர். ‘ஆப்பிரிக்கா மெர்சி’யில் நோயாளர் அறைகள் கீழ்த்தளத்தில் இருந்தமையால், மாலையில் எல்லாரையும் ஏழாம் தளத்துக்கு அழைத்துச் சென்று காற்று வாங்கச் செய்வர். முகக் கட்டோடு குழந்தைகள் அங்கே மூன்று சக்கர வண்டி ஓட்டுவர்.

பல நாள் நீடித்த பிரசவத்தில் குழந்தையையும் இழந்து, சிறுநீர்ப்பை புரைந்து, இடையறாத கசிவினால் கணவன் வீட்டிலிருந்து விலக்கப்பட்ட பெண்களும் வருகின்றனர். புரை அடைபட்டதும் அவர்களுக்குப் புத்தாடை உடுத்திப் பாட்டோடு வழியனுப்புவது கப்பலில் ஒரு விழா. சிலருக்கு அறுவை பலிப்பதில்லை.

இனி, மேசைக்கு இந்தப் பக்கம் அமர்ந்திருப்பவரைப் பார்ப்போம். கப்பல் ஒரு துறைக்கு வந்ததும் நோயாளிகளைத் தேர்ந்தெடுக்கும் நாள் ஒன்று வரும். முன்னிரவு முதலே ஆயிரக்கணக்கில் வரிசையில் நிற்பர். 2011-இல் சியரா லியோனின் ஃப்ரீடவுனில் அக்கூட்டம் வாயிற்கதவை நோக்கி முண்டியதில் ஓர் உயிர் போயிற்று. அதன்பின் ஊர் ஊராகச் சென்று தேர்ந்தெடுக்கும் வழக்கம் வலுப்பட்டது. வரிசையின் முன்னே நிற்கும் செவிலியின் வேலை பார்ப்பதும் அனுப்புவதும். கண்புரை, அன்னப்பிளவு, வளைந்த கால் ஆகியவற்றுக்கு ஒரு சீட்டு. பரவிவிட்ட புற்றுக்கும் பிறவியிலேயே மூளை பாதிக்கப்பட்ட குழந்தைக்கும் சீட்டு இல்லை. கற்ற கல்வியெல்லாம் ‘ஆம்’ என்பதற்காகக் கற்றவள், அன்று பகல் முழுதும் ‘இல்லை’ என்று சொல்ல வேண்டும். அதையும் மொழிபெயர்ப்பாளர் வழியாகச் சொல்ல வேண்டும். ஆபுத்திரனுக்கு இத்துயரம் தெரியாது. அவன் பாத்திரத்துக்கு அளவில்லை.

2014-இல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியபோது இக்கேள்வி கப்பல் முழுவதற்கும் வந்தது. நெருக்கமான அறைகளில் குடும்பங்களும் குழந்தைகளும் வாழும் கலம் அத்தொற்றுக்கு இடமன்று என்று முடிவாகி, கப்பல் மடகாஸ்கரின் தொமாசினாத் துறைக்குத் திரும்பியது. 2020-இல் கொரோனாவின்போது செனகலில் தொடங்கிய பணியை இடையில் நிறுத்திப் புறப்பட்டது. அம்முடிவுகள் சரியே. எனினும், உதவி மிகத் தேவைப்பட்ட வேளையில் கப்பல் அப்பாற் போயிற்று என்னும் உண்மையும் உடன் நிற்கிறது.

முன்னே நிறுத்திவைத்த கேள்வி இங்கே திரும்பி வருகிறது. பாதுகாப்பான, கட்டுப்படியாகும் அறுவை மருத்துவம் 500 கோடி மக்களுக்கு எட்டவில்லை என்று 2015-இல் லான்செட் இதழின் ஆய்வுக்குழு கணக்கிட்டது. கப்பல்கள் இக்கடலை இறைத்து முடியாது. ஆகவேதான் உள்ளூர் மருத்துவரைப் பயிற்றும் பணி கூடிவருகிறது. கோணற்காலோடு பிறந்த குழந்தைக்கு வாரந்தோறும் மாவுக்கட்டு மாற்றிக் காலை நேராக்கும் பொன்செட்டி முறைக்குக் கப்பல் வேண்டா. பழகிய கைகள் போதும். அக்கைகள் கப்பல் போன பின்பும் ஊரில் இருக்கும். இந்த ஒரு வேலை, நிழற்படத்தில் அழகாக விழும் நூறு அறுவைகளுக்குக் குறைந்ததன்று.

சீட்டுக் கிடைக்காதவர்க்கும் சில பயணங்களில் ஓர் ஏற்பாடு இருந்தது. குணமாகாப் புற்றுடையோரின் வீடு தேடிச் செவிலியர் சென்றனர். வாரம் ஒருமுறை போய்ப் புண்ணைக் கழுவி, வலிக்கு மருந்து கொடுத்து, சிறிது நேரம் அமர்ந்து வந்தனர். கப்பல் புறப்படும் மாதத்தில் அவ்வீடுகளுக்குக் கடைசியாகவும் ஒருமுறை போக வேண்டும். கட்டுத்துணியும் மருந்தும் அடங்கிய பையைக் குடும்பத்தாரிடம் கொடுத்து, கட்டுவது எப்படி என்று மறுபடியும் காட்டி, அவர்கள் கையாலேயே ஒருமுறை கட்டச் செய்து பார்த்துவிட்டு, துறைமுகத்துக்குத் திரும்ப வேண்டும்.